மதர்போர்டு மாறியதும் நீ வேற்றாள் ஆனது ஏன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சையும் பெரியவளின் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்ததால் உட்கார்ந்து எழுத நேரமே கிடைக்கவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். கட்டுப் பிரித்த அன்று முதல் வேலையாக உன் கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். உன் கையெழுத்து இன்னும் அப்படியே சாய்ந்து நிற்கிறது என்றாள். உன் மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறதா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

நீ எழுதியது முழுக்க அந்த வடிவமைப்பு மென்பொருளைப் பற்றித்தான். மதர்போர்டு எரிந்து புதிது போட்டதும், "இந்த லைசென்ஸ் ஏற்கெனவே வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. "காசு கொடுத்து வாங்கினேன், பில் கையில் இருக்கிறது. நான் என்ன திருடியா?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அதே மாதிரியான ஒரு வாசகத்தை ஒரு காலத்தில் நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் லைசென்ஸ் பிரிவில்தானே இருந்தேன்! அதனால் உன் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ தட்டச்சு செய்யும் அந்த நீள எண்ணும், அதாவது கீயும், ஆக்டிவேஷனும் வேறு வேறு. பலரும் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். கீ என்பது "இது எங்களிடமிருந்து வந்ததுதான்" என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். விண்டோஸ் 95 காலத்தில் அது மிகவும் எளிமையாக இருந்தது. கடையில் வாங்கும் பெட்டியில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். கடைசி ஏழு இலக்கங்களைக் கூட்டினால் 7-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், முக்கியமான சோதனை அதுதான். ஏழு ஒன்றுகளை அடித்தாலே போதும், கூட்டுத்தொகை 7, கதவு திறந்துவிடும். பின்னால் வந்த 25 எழுத்துக் கீ அப்படியல்ல. ஒன்றோடொன்று குழம்பக்கூடிய எழுத்துகளையும் உயிரெழுத்துகளையும் நீக்கிவிட்டு 24 குறிகளை மட்டும் வைத்தார்கள். 24 குறிகளை 25 இடங்களில் நிரப்பினால் 3-க்குப் பின்னால் 34 சுழியம் போடும் அளவுக்குச் சாத்தியங்கள். அதில் செல்லுபடியாகும் கீகள் மிகச் சில. குருட்டாம்போக்கில் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் எவ்வளவு கெட்டியான கீயாக இருந்தாலும் ஒரே கீயைப் பத்துப் பேர் போட்டுக்கொண்டால் அதற்குத் தெரியாது. கீ கணினிக்குள்ளேயே சரிபார்க்கப்படுகிறது, பக்கத்து வீட்டுக் கணினியில் என்ன நடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆக்டிவேஷன் வந்தது. அதற்கு முன்பு கையேட்டின் இத்தனையாம் பக்கத்தில் இத்தனையாம் சொல் என்ன என்று கேட்ட காலமும், பிரின்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற சிறிய பூட்டுக் கருவியைச் செருகிய காலமும் உண்டு. டாங்கிள் தொலைந்தால் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மென்பொருளும் தொலைந்த மாதிரிதான்.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு ஆக்டிவேஷன் வீடு வீடாக வந்தது. 30 நாள் அவகாசம், அதற்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும். ஒரு கீ எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று மையமான ஓரிடத்தில் கணக்கு வைப்பதுதான் இதன் அடிப்படை. பூட்டைவிட இது ஒரு பதிவேட்டுக்குத்தான் நெருக்கமானது. இதை நீ மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

பதிவேட்டில் கணினியை எப்படி எழுதுவது? கணினிக்குப் பெயரோ ஊரோ கிடையாது. அதனால் உள்ளே இருக்கும் பாகங்களைப் பார்த்து ஒரு கைரேகை மாதிரி தயாரிக்கிறார்கள். எக்ஸ்பியில் ஹார்டுடிஸ்க், நெட்வொர்க் கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர், நினைவகத்தின் அளவு என்று பத்து விஷயங்களைப் பார்த்தார்கள். "அப்படியென்றால் என் கணினியில் இருக்கிறதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடுமே" என்று அன்று பெரிய பயம் இருந்தது. எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே, 2001 ஜூலையில், ஃபுல்லி லைசென்ஸ்டு என்ற ஜெர்மன் நிறுவனம் சோதனைப் பதிப்பைப் பிரித்துப் பார்த்து உள்ளே நடப்பதை வெளியிட்டது. எனக்கு அந்தத் துறையில் ஆர்வம் வந்ததே அதைப் படித்த பிறகுதான். நெட்வொர்க் கார்டின் அடையாள எண் 48 பிட் நீளம். அதை ஹாஷ் செய்து, அதாவது கலக்கிச் சுருக்கி, 10 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 10 பிட்டில் ஆயிரத்துச் சொச்சம் மதிப்புகள்தான் அடங்கும். உலகத்தில் இருக்கும் கோடிக்கணக்கான கார்டுகள் அந்த ஆயிரத்துக்குள் அடைபடும்போது எந்த மதிப்பு எந்தக் கார்டுக்கு உரியது என்று பின்னோக்கிப் போய்ச் சொல்லவே முடியாது. மாவிலிருந்து நெல்மணியைத் திரும்ப எடுக்க முடியாதது போல. கணினி மாறியிருக்கிறதா என்று சொல்லும், யாருடைய கணினி என்று சொல்லாது. அளவாகத் தெரிந்துகொள்வது என்ற அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது வரும் பல மென்பொருள்கள் அந்த நிதானத்தை விட்டுவிட்டன என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இணையம் இல்லாதவர்கள் தொலைபேசியில் ஆக்டிவேட் செய்தார்கள், உனக்கு நினைவிருக்கும். திரையில் 50 இலக்கங்கள், ஆறு ஆறாகப் பிரித்திருக்கும், கடைசியில் மட்டும் இரண்டு மிஞ்சும். ஒவ்வொரு ஆறிலும் கடைசி இலக்கம் முன்னால் இருக்கும் ஐந்தையும் சரிபார்ப்பதற்காகவே இருந்தது. எங்கள் நிறுவனத்திலும் இதே முறையைப் பின்பற்றினோம். ஒரு பெரியவர் போனில் எண்களைப் படிக்கப் படிக்க நான் அடித்துக்கொண்டே போவேன். மூன்றாவது குழுவில் திரை சிவப்பாகும். "ஐயா, அந்த வரிசையை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்பேன். 8-ஐ 3 என்று படித்திருப்பார். ஐம்பதையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லாமல் ஒரே ஒரு குழுவோடு முடிந்துவிடும். அந்தக் கடைசி இலக்கத்தை யோசித்தவர் போனின் மறுமுனையில் இருப்பவரை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

சரி, கைரேகையும் கீயும் சர்வருக்கு, அதாவது பதிவேடு இருக்கும் நிறுவனத்தின் கணினிக்கு, போனதும் என்ன நடக்கும்? சர்வர் பதிவேட்டைப் பார்க்கும். இடம் இருந்தால் "இந்தக் கீ, இந்தக் கைரேகை, இந்தத் தேதி வரை" என்று ஒரு சிறிய சான்றைத் தயாரித்து டிஜிட்டல் கையொப்பம் போட்டுத் திருப்பி அனுப்பும். கையொப்பம் போடும் பிரைவேட் கீ என்ற ரகசிய எண் (நீ தட்டச்சு செய்யும் கீ அல்ல) சர்வரில் மட்டும் இருக்கும். அதைச் சரிபார்க்கும் பப்ளிக் கீ உன் மென்பொருளுக்குள் இருக்கும். பப்ளிக் கீயை வைத்துச் சரிபார்க்கலாம், புதிதாகக் கையொப்பம் போட முடியாது. சான்றில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் பொருந்தாது. அப்புறம் நீ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மென்பொருள் கைரேகையை மறுபடி எடுத்துச் சான்றில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மதர்போர்டை மாற்றியதும் அந்த ஒப்பீடு தவறிவிட்டது. மறுபடி ஆக்டிவேட் செய்யப் போனாய். சர்வர் கண்ணுக்கு நீ இரண்டாவது கணினி. முதல் கணினி எரிந்துபோனது அதற்கு யார் சொன்னார்கள்? உன்மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் பழைய பெயர் அடிக்கப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் தம்பி அலுவலகத்தில் இந்தத் தொல்லையே இல்லை என்று எழுதியிருந்தாய். பெரிய அலுவலகங்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் கேஎம்எஸ் முறையில் குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அது விண்டோஸுக்கு ஆக்டிவேஷன் கொடுக்கத் தொடங்கும். ஒருமுறை கொடுத்தது 180 நாள் செல்லும், கணினி 7 நாளுக்கு ஒருமுறை தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். பாகம் மாறினாலும் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும். தனி ஆளாக வாங்கிய உனக்குத்தான் இந்த அலைச்சல், அது நியாயமில்லை என்று நானும் நினைக்கிறேன்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் பதிப்பில் நெட்வொர்க் கார்டின் எண்ணை மட்டுமே கைரேகையாக எடுத்தேன். மடிக்கணினி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஒரு யுஎஸ்பி அடாப்டரும் அலுவலகத்தில் இன்னொன்றும் பயன்படுத்தினார். இடம் மாறும்போதெல்லாம் எங்கள் மென்பொருளுக்கு அவர் புதிய ஆள். இரண்டு கணினி என்ற வரம்பு மூன்றாவது நாளே தீர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய வேலை உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் போன் செய்தபோது இரவு, எடுக்க ஆள் இல்லை. காலையில் அவர் குரலைக் கேட்டேன். கோபப்படவில்லை. "நான் என்னம்மா தப்பு செய்தேன்?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகுதான் பல பாகங்களைப் பார்த்துப் பெரும்பான்மை பொருந்தினால் போதும் என்று மாற்றினோம். பொருந்தாவிட்டாலும் உடனே மூடாமல் 14 நாள் அவகாசம் கொடுத்தோம். அந்த 14 நாளுக்காக நிறுவனத்துக்குள் நான் ஒரு மாதம் சண்டை போட்டேன்.

உன் மருமகன் கிராக் போட்டு, அதாவது லைசென்ஸ் சோதனையை உடைத்து, தருகிறேன் என்றானாமே, வேண்டாம் என்று சொல். கையொப்பத்தை யாராலும் போலியாகப் போட முடியாது என்றேன். அதனால் கிராக் செய்பவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. மென்பொருளுக்குள் எங்கோ ஓரிடத்தில் "பொருந்தினால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்" என்று ஒரு கட்டளை இருந்தாக வேண்டும். நம் வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் 74 என்ற ஒரே ஒரு பைட். அதை 75 ஆக்கினால் தீர்ப்பு தலைகீழாகிவிடும், பொய்க் கீ உள்ளே போகும். பல மாத உழைப்பு ஒரு பைட்டில் கவிழ்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆக்டிவேஷன் தேர்ந்த ஆளை நிறுத்தாது. ஒரு பிரதியை நண்பர்களுக்குள் சும்மா மாற்றிக்கொள்வதைத்தான் அது தடுக்கிறது. ஆனால் அந்தப் பைட்டை மாற்றிக் கொடுக்கிறவர் கூடவே வேறு எதை உள்ளே வைத்தார் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று சொல்லும் ஒரு கோப்பை, உன் பத்து வருஷ வடிவங்கள் இருக்கும் கணினியில் ஓட்டாதே.

ஆனாலும் எனக்குப் பெரிய கவலை கிராக் பற்றியது அல்ல. சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும்? 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்புச் சர்வர்களில் ஏற்பட்ட கோளாறால் முறையாக வாங்கிய விண்டோஸையே போலி என்று அவை ஏறக்குறைய ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தன. அடோபி தன் சிஎஸ்2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை 2012 முடிவில் நிறுத்தியபோது, வாங்கியவர்கள் திண்டாடாமல் இருக்க ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைக் கொடுத்தது. அது சரியான செயல். பதிவேட்டைத் தொடங்குகிறவர் அதை மூடும் நாளையும் அன்றே யோசித்திருக்க வேண்டும். எங்கள் நிறுவனம் விற்கப்பட்டபோது நான் கேட்டுப் பெற்ற ஒரே வாக்குறுதி, சர்வரை நிறுத்தும் முன் ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றுகளை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பதுதான். அனுப்பினார்கள். கடைசித் தொகுதியில் கையொப்பம் ஏற்றிய அன்று நானும் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இப்போது உன் வேலைக்கு வருகிறேன். அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குப் போன் செய். மின்னஞ்சலைவிடப் போன் நல்லது. "லைசென்ஸ் வேலை செய்யவில்லை" என்று தொடங்காதே. "பழைய கணினியின் மதர்போர்டு எரிந்துவிட்டது, அதில் டீஆக்டிவேட் செய்ய வழியில்லை, அந்தப் பதிவை விடுவியுங்கள்" என்று சொல். டீஆக்டிவேட் என்றால் அந்தக் கணினியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது. இந்த வார்த்தைகளில் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று உடனே புரிந்துவிடும். பில் எண்ணும் வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் பக்கத்தில் இருக்கட்டும். இனிமேல் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், அது ஓடும் நிலையில் இருந்தால், முதலில் டீஆக்டிவேட் செய்துவிட்டுக் கொடு. விண்டோஸும் இதேபோல் மறுத்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லைசென்ஸை இணைத்திருக்கிறாயா என்று பார். இணைத்திருந்தால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியில் "வன்பொருளை மாற்றினேன்" என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது.

விடுவித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. எரிந்த மதர்போர்டை அதுவரை தூக்கிப் போடாதே. அதன் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கேட்டாலும் கேட்பார்கள். மணிக்கட்டைப் பற்றியும் எழுது, அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் தோழி