ஜன்னல் கட்டையைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 19 ஆண்டுகளாக வீட்டு மதிப்பீட்டாளராக வேலை பார்க்கிறேன். வீடு வாங்க ஒருவர் கடன் கேட்டால், அந்த வீட்டை நேரில் போய்ப் பார்த்து, அளந்து, என்ன விலை பெறும் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். இங்கே வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்; இந்தத் தொழிலிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவருக்கு இப்போது வயது 71. "நவம்பரோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன்" என்று போன மாதம் போனில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால், புதிய அறிக்கை முறைக்கான ஏழு மணி நேர வகுப்புக்குப் போய் வந்தாராம். காலை முதல் மாலை வரை திரையில் மென்பொருள்தான். எந்த இடத்தில் சொடுக்கினால் எந்தப் பகுதி விரியும், எந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவே. ஒரு வீட்டின் படத்தைக்கூடக் காட்டவில்லை. "இது கணினி தெரிந்த பிள்ளைகளின் வேலையாகிவிட்டது" என்றார்.

விஷயம் இதுதான். வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய இரண்டும் 2026 நவம்பர் 2 முதல் புதிய முறையில் எழுதிய அறிக்கைகளையே ஏற்கும். இதுவரை தனி வீட்டுக்கு 1004, அடுக்ககக் குடியிருப்புக்கு 1073, இரண்டு முதல் நான்கு குடும்பம் இருக்கும் வீட்டுக்கு 1025 என்று படிவங்கள் தனித்தனியாக இருந்தன. நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கையில் இருப்பது 2005 மார்ச் தேதியிட்ட 1004 படிவம். இனி எல்லாவற்றுக்கும் ஒரே அறிக்கை. வீட்டுக்கு ஏற்றபடி அது நீளும், குறுகும். படிவ எண்களே போய்விடும்.

அந்த வாரக் கடைசியிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். 2019-இல் அவர் முடித்த கோப்பு ஒன்றை எடுக்கச் சொன்னேன். அதையே புதிய முறையில் மறுபடி எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். முன்பக்கம் செங்கல் வைத்த பழைய இரண்டு மாடி வீடு அது. ஜன்னல் பகுதி வந்தது. பழைய படிவத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. "டபுள் ஹங், ஆவரேஜ்", அதாவது மேலும் கீழும் நகரும் ஜன்னல், சுமாரான நிலை என்று எழுதியிருந்தார். அப்போது அவருடைய களக் குறிப்பேட்டைப் புரட்டினேன். பென்சிலில், சின்ன எழுத்தில்: வடக்குப் பக்கம், சமையலறை ஜன்னல், அடிக்கட்டை மெத்தென்று இருக்கிறது, மேலே புதுப் பெயின்ட்.

அந்தக் குறிப்பைப் பார்த்ததும் எனக்கு 2007 நினைவுக்கு வந்தது. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு வீட்டின் வெளிச்சுவர் ஓரமாக நடக்கையில் என் கையைப் பிடித்து ஜன்னல் கட்டைமேல் வைத்தார். பார்வைக்குப் பளபளவென்று இருந்த கட்டை, விரலால் மெல்ல அழுத்தினால் நனைந்த ரொட்டி போல உள்வாங்கியது. பெயின்டுக்கு அடியில் மரம் முழுக்க உளுத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் வடக்குப் பக்க ஜன்னல்களை என் கை தொடாமல் வந்ததில்லை.

2019 வீட்டில் அவர் கண்டதை மறைக்கவில்லை. பின்னிணைப்பில், மூன்று பக்க எழுத்துக்கு நடுவே ஒரு வரியாகச் சொல்லியிருந்தார். கடன் கொடுத்தவர் படித்தாரோ இல்லையோ, வீடு வாங்கியவர் அங்கே வரை போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. புதிய அறிக்கையில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. குறை எங்கே, என்ன, கட்டடத்தின் உறுதியைப் பாதிக்குமா, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. படமும் அந்தப் பகுதியிலேயே வரும். வெளிப்புறத்தின் தரமும் நிலையும் தனி, உட்புறத்தினுடையது தனி. பென்சில் குறிப்பை அவர் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதைத்தானே நான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

எல்லாம் சுலபமாக முடிந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு அறிக்கைக்கு எங்கள் இருவருக்கும் ஒன்பது மணி நேரம் பிடித்தது. குளியலறைகள் எந்தெந்த ஆண்டில் புதுப்பிக்கப்பட்டன என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டபோது அவர் குறிப்பில் பதில் இல்லை. தரைக்கும் சுவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய இடத்தில் என் குறிப்புகளும் இப்படித்தான் கைவிட்டிருந்தன. நானும் என் பழைய கோப்புகள் நான்கை இப்படி எழுதிப் பார்த்தேன்; முதலாவதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள், நான்காவதற்கு ஒன்று. எந்தெந்தக் கட்டம் காலியாக நின்றதோ அதை வைத்தே என் களக் குறிப்புத் தாளை மாற்றி அமைத்தேன். இப்போது வீட்டுக்காரரிடம் வாசலிலேயே கேட்டுவிடுகிறேன்.

முன்பு நடந்த மாற்றங்களிலும் இதே கதைதான். 2011 செப்டம்பரில் சி1 முதல் சி6 வரை வீட்டின் நிலைக்கும், க்யூ1 முதல் க்யூ6 வரை கட்டுமானத் தரத்துக்கும் குறியீடுகள் வந்தன. மனப்பாடம் செய்தோம். சி3-க்கும் சி4-க்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பது பல வீடுகளுக்குள் நடந்த பிறகே பிடிபட்டது. 2022 ஏப்ரலில் ஃபேனி மே, வீட்டின் பரப்பை அளக்க அன்சி (அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம்) அளவு முறையைக் கட்டாயமாக்கியது. ஒரு தளத்தின் எந்தப் பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலும் அந்தத் தளம் முழுவதையும் தரைமட்டத்துக்கு மேலுள்ள பரப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி. வகுப்பில் மூன்று முறை கேட்டும் மண்டையில் ஏறாதது, சரிவு நிலத்து வீடு ஒன்றில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு நிமிடத்தில் ஏறியது.

அதனால் வகுப்பு நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏழு மணி நேரத்தில் பாதியையாவது ஒரு வீட்டுக்குள் நடத்துங்கள். முடியாவிட்டால் ஒவ்வொருவரையும் தம் பழைய கோப்பு ஒன்றோடு வரச் சொல்லுங்கள். மென்பொருளை இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். உளுத்த கட்டையைக் கண்டுபிடிக்கும் விரல் உள்ளவர்களை மிரட்டி அனுப்பிவிட்டு, அந்த அட்டவணையை யாரைக் கொண்டு நிரப்புவது?

வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஒன்று. மதிப்பீட்டாளர் முன்பைவிட அதிக நேரம் உங்கள் வீட்டில் இருப்பார், அதிகம் கேட்பார், அதிகம் படம் எடுப்பார். கூரை மாற்றிய ரசீது, சமையலறை புதுப்பித்த ஆண்டு, பேஸ்மென்ட் வேலைக்கு வாங்கிய அனுமதி ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

கடன் நிறுவனங்களும், அவற்றுக்காக எங்களுக்கு வேலை தரும் இடைத்தரகு நிறுவனங்களும் முதல் சில மாதங்களுக்காவது பழைய கெடுவையும் பழைய கட்டணத்தையும் பிடித்துத் தொங்க வேண்டாம். ஐந்து மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு ஒன்பது மணி நேரம் ஆகும்போது, அவசரப்படுத்தினால் முதலில் விட்டுப்போவது வடக்குப் பக்க ஜன்னல்தான்.

என் ஆசிரியர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு கோப்போடு வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வீட்டு மதிப்பீட்டாளரான ஒரு வாசகி,
நியூஜெர்சி