வடிகாலையும் கொஞ்சம் பாருங்கள்

வைகைப் பாசன வாய்க்கால்களைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும், ஆற்றங்கரைப் பேரூராட்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். அந்த இலையைத் தரும் கொடிக்காலுக்குத் தண்ணீர் எப்படி வர வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

நெல்லுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடலாம். வயலில் கட்டி வைத்தால் சில நாள் தாங்கும். வெற்றிலைக்கு அது ஆகாது. அதன் வேர் மேலாகவே ஓடுவது. கோடையில் தினமும், முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது, பாத்திகளுக்கு நடுவே ஓடும் சிறு வாய்க்காலிலிருந்து அள்ளி இறைக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கணும், தண்ணீர் நிற்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில்தான் சோதனை வரும். வடிகால் அடைத்துக்கொண்டால் வாடல் நோய் புகுந்துவிடும். முதலில் இலையின் பளபளப்பு போகும், அப்புறம் கொடி துவளும். தரையை ஒட்டிய தண்டைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே கறுத்து, அழுகல் வாடை அடிக்கும். தேங்கிய தண்ணீர் வழியாகவே அடுத்த பாத்திக்கும் பரவும். மருந்து இருக்கிறதே என்பீர்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), அரைக்கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்பு வாளி ஆகாது. தேய்த்த கத்தி முனையை நனைத்தால் செம்பு படிகிறதா? அப்படியானால் சுண்ணாம்பு போதவில்லை. இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்து வேரில் ஊற்றினாலும், தண்ணீர் வடியாத கொடிக்காலில் அத்தனையும் தண்டம்.

தூர்வாரும்போது வரத்து வாய்க்காலுக்குத்தான் எப்போதும் முதல் மரியாதை. வடிகால் ஆற்றில் போய் விழும் வாய் விட்டுப்போகிறது. ஆகாயத்தாமரையும் பாலித்தீன் பையும் வந்து சேருவது அங்கேதான். ஆகவே வேலையைக் கீழ்முனையில் தொடங்கி மேலே ஏறி வாருங்கள். அள்ளிய மண்ணைக் கரை விளிம்பில் குவித்தால் முதல் மழைக்கே உள்ளே சரியும். தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டணும். சிறுபாலக் குழாய்க்குள் பொக்லைன் கை எட்டாது, ஆள் வைத்து வாரியே ஆக வேண்டும். மதிப்பீட்டில் அந்தக் கூலியைத் தனியாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். எல்லாம் ஆவணிக்குள் முடியணும்.

மணல் போய்ப் படுகை தாழ்ந்த இடங்களில் சிக்கல் வேறு. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கும் தலைமடை மேலே நிற்கும், ஆற்றுத் தண்ணீர் அதற்குக் கீழே ஓடும். அங்கே வாய்க்காலை மட்டும் ஆழப்படுத்திப் பயனில்லை. முதலில் படுகைக்கும் மடைக்கும் லெவல் (உயர அளவு) எடுத்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

இன்னொன்று. வைகை அணையில் நீர்மட்டம் 66 அடிக்கு வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. இந்த அடிக்கணக்கு அணைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புரியும். கரையில் மோட்டாரும் மாடும் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைத் தாண்டும் என்பது. ஒலிபெருக்கி ஆட்டோவில் அந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரவில் திறப்பதாக இருந்தால் பொழுது சாயும் முன்பே சொல்லிவிடணும், மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்ற அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
வைகைக் கரைக் கொடிக்கால் விவசாயிகள்