கடைசி மூன்று தெருக்களுக்கு வீட்டு ஃபைபர் இணைப்பு கோரும் மனு (நான்காம் முறை)

அனுப்புநர்:
வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் உள்ள மூன்று தெருக்களின் குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள், தொலைத்தொடர்பு

பொருள்: செம்புக் கம்பி இணைப்புகளை ஃபைபருக்கு (கண்ணாடி இழைக்கு) மாற்றித் தருமாறு வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

ஐயா,

வணக்கம். பாலத்தைத் தாண்டிய மூன்று தெருக்கள் எவை, தெருவோர பில்லர் பாக்ஸ் (தொலைபேசிக் கம்பிகள் பிரியும் பெட்டி) எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதையெல்லாம் தாங்கள் அறிவீர்கள். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து எங்கள் வீடுகளுக்குக் கம்பி வழியே சுமார் 4 கி.மீ. ஏடிஎஸ்எல்2+ (செம்புத் தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையம்) தரும் 24 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீடுகளுக்குத்தான் கிடைக்கும். இங்கே கிடைப்பது டவுன்லோட் 5, அப்லோட் 0.8 எம்பிபிஎஸ். தூரம் கூடினால் செம்பில் சிக்னல் தேயும். அது கம்பியின் குணம், அதற்காக யாரையும் நொந்துகொள்ளவில்லை.

2. எங்களை வாட்டுவது அந்த 0.8தான். புகார் கொடுத்தால் வருபவர் டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு "5 வருதே" என்று எழுதிக்கொண்டு போகிறார். ஒரு வீட்டிலிருந்து இன்று வெளியே போகிறவற்றைத் தயவுசெய்து கணக்கிட்டுப் பாருங்கள். 720பி தரத்தில் ஒரு வீடியோ அழைப்புக்கு அப்லோட் சுமார் 1.2 முதல் 1.5 எம்பிபிஎஸ் வேண்டும். 1080பி கண்காணிப்பு கேமரா ஒன்றுக்குச் சுமார் 2. ஆக, ஒரு பிள்ளை ஆன்லைன் வகுப்பில் முகம் காட்டவே இந்த லைன் போதாது. அடுத்த அறையில் இன்னொருவர் அலுவலக மீட்டிங்கில் இருந்தால் இருவருக்கும் குரல் உடைந்துதான் கேட்கும்.

யாரும் எதுவும் செய்யாதபோதும் போன் சும்மா இருப்பதில்லை. 4 எம்பி அளவில் 20 படங்களை அது தானாகவே பேக்கப் எடுக்கத் தொடங்கினால் 80 எம்பி, அதாவது 640 மெகாபிட். 0.8 வேகத்தில் 800 விநாடி, 13 நிமிடத்துக்கு மேல். அந்த 13 நிமிடமும் டவுன்லோடும் சேர்ந்து செத்துவிடும். காரணம் தங்களுக்குத் தெரியாததல்ல. இறங்கும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத் தொகுதிக்கும் "கிடைத்தது" என்ற ஒப்புகை மேலே போக வேண்டும். மோடத்தின் வெளியேறும் வரிசையில் படங்கள் முட்டி நிற்கும்போது அந்தச் சின்ன ஒப்புகை அவற்றுக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறது. 256 கிலோபைட் வரிசை நிரம்பியிருந்தால் 0.8 வேகத்தில் அது காலியாக இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடித்த பிறகுதான் முதல் சொல் எதிர்முனைக்குப் போகும் என்றால் அதை எப்படி அழைப்பு என்பது? "பக்கம் திறக்கவில்லை" என்று நாங்கள் புகார் எழுதுவதும், தங்கள் அலுவலகம் "டவுன்லோட் சரியாக உள்ளது" என்று மூடுவதும் இதனால்தான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறோம் ஐயா, அதுதான் வேதனை.

3. இரவானால் லைன் விட்டு விட்டுப் போகிறது. கம்பிகளை கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்ட ஜாயின்ட்களில் ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறது. மணி அடிக்கும் மின்னழுத்தம் வரும்போதெல்லாம் நெட் துண்டிக்கப்படுவது அத்தகைய ஜாயின்ட்டுக்கு அடையாளம். அதோடு, ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டைக்குள்தான் மத்திய அலை வானொலியும் இருக்கிறது. இருட்டிய பின் தொலைதூர நிலையங்களின் அலை வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பிவந்து, நீளமான கம்பியில் ஆன்டெனா போல ஏறிக்கொள்கிறது. பகலில் 6 டெசிபலுக்கு மேல் நிற்கும் நாய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) இரவில் அதற்குக் கீழே சரிகிறது, மோடம் இணைப்பை இழந்து மறுபடி சிங்க் ஆகிறது. அடிக்கடி அறுந்தால் எக்ஸ்சேஞ்ச் முனை தானாகவே வேகத்தைக் குறைத்து வைக்கிறது. லைன்மேன் வந்து டெஸ்ட் செய்வதோ நல்ல வெயிலில், பகல் பதினொரு மணிக்கு! "லைன் ஓகே" என்று வராமல் வேறென்ன வரும்? ஒரே ஒரு முறை இரவு எட்டு மணிக்கு அனுப்பிப் பாருங்கள் என்று மூன்று மனுக்களிலும் எழுதிவிட்டோம்.

4. மொபைல் டவரிலிருந்து நெட் எடுக்கும் டாங்கிள் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரே டவரை ஊரே மாலையில் பங்கு போடுகிறது. அந்த டவருக்கே ஃபைபர்தான் போகிறது என்பதை அங்கே நின்றபடியே தலையை உயர்த்தினால் பார்க்கலாம். அந்தக் கேபிள் எங்கள் மூன்று தெரு முனைகளையும் உரசிக்கொண்டுதான் போகிறது. டவருக்கு எட்டுகிற கண்ணாடி இழை வீட்டுக்கு மட்டும் எட்டாதா?

5. செய்யமுடியாததைக் கேட்கவில்லை. கணக்கைப் பாருங்கள். ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஃபைபர் முறை) ஒரு போர்ட்டில் கீழே 2.488, மேலே 1.244 ஜிபிபிஎஸ். 32 வீடுகளுக்குப் பிரித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு அப்லோட் சுமார் 38 எம்பிபிஎஸ். எங்கள் 0.8ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழியில் ஒளி இழப்பும் எல்லைக்குள்தான்: 32 வழி ஸ்ப்ளிட்டருக்கு (ஒளியைப் பிரிக்கும் கருவி) 17.5 டெசிபல், 4 கி.மீ. இழைக்கு 1.4, ஆறு ஸ்ப்ளைஸுக்கு (இழை ஒட்டு) 0.6, நான்கு கனெக்டருக்கு 2. மொத்தம் 21.5. ஜிபானின் பி+ வகைக் கருவிகளுக்கு அனுமதி 28. மின்சாரம் கடத்தாத இழை என்பதால் வானொலி இரைச்சல் ஏறாது, ஜாயின்ட் பச்சை பூக்காது.

6. வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை. வந்த வேகத்தில் கட்டிவிட்டுப் போனால் செம்பின் கதையே மறுபடியும் நடக்கும்:

அ) ஜாயின்ட் க்ளோஷரை (இழை ஒட்டுகளை மூடிக் காக்கும் பெட்டி) வாய்க்கால் தண்ணீர் எட்டாத உயரத்தில் கம்பத்தில் மாட்டுங்கள். குழியில் இறக்க வேண்டாம். அந்தக் குழி எப்படி நிரம்பும் என்று தங்களுக்கே தெரியும்.

ஆ) பச்சை நிற எஸ்சி/ஏபிசி (சாய்வு முக) கனெக்டர் முனையை நீல நிற யுபிசி (நேர் முக) அடாப்டரில் செருகக் கூடாது. பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு. இரண்டும் சரியாக ஒட்டாமல் இழப்பு எகிறும், ஆனால் வீட்டுப் பெட்டியில் விளக்கு எரியும். அதனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இ) ட்ராப் கேபிளை (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள்) ஜன்னல் மூலையில் மடித்து ஆணியடிக்க வேண்டாம். வளைவைத் தாங்கும் ஜி.657ஏ1 வகை இழைக்கே 10 மி.மீ. ஆரத்துக்குக் குறையாத வளைவு வேண்டும்.

ஈ) ஒவ்வொரு வீட்டிலும் பவர் மீட்டரில் பார்த்த ஒளி அளவை ஓஎன்டியின் (வீட்டில் வைக்கும் ஃபைபர் மோடம்) மேலேயே எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (ஒளி வலிமையின் அலகு) கீழே போனால் ஓஎன்டி நிற்காது. சுமார் மைனஸ் 20க்குள் வர வேண்டியது மைனஸ் 25 காட்டினால், "வேலை செய்கிறதே" என்று விடாமல் அன்றைக்கே முனையைத் துடைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வருகிற லைன்மேன் அந்தச் சீட்டைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள், நாங்களும் முதலிலிருந்து சொல்கிறோம்.

7. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. செம்பு லைனில் கரண்ட் போனாலும் போன் பேசலாம், ஃபைபரில் ஓஎன்டி அணைந்தால் போனும் போகும். தனியாக இருக்கும் முதியவர்கள் தயங்குவது இதனால்தான். ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்துத் தர ஏற்பாடு செய்யுங்கள். மாற்றம் முடியும்வரை பழைய லைனையும் பிடுங்க வேண்டாம்.

8. ஃபைபர் வேண்டும் ஐயா. அவ்வளவுதான்.

வேகத் திட்டத்தை உயர்த்தித் தருகிறோம் என்ற பதில் மட்டும் வேண்டாம். திட்டம் காகிதத்தில் உயரும், 4 கி.மீ. கம்பியில் உயராது. தெரு முனையில் ஒரு ஸ்ப்ளிட்டர் பெட்டி வைத்து, இந்த மூன்று தெருக்களுக்கும் ஃபைபர் இணைப்பு தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். எங்கள் மனுவுக்கு "தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று தெருக்களின் குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், பகலிலும் இரவிலும் எடுத்த மோடம் அளவீடுகள்.

பி.கு.: மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தாயிற்று.