‘இதுவும் காம்பினேஷன்தான்’: தாராவி, சயான் பக்கத்து மெடிக்கல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

மும்பை தாராவியில் 90 அடி ரோடு பக்கம் குடியிருப்பவன் நான். எழுதுவது முகப்பருவைப் பற்றி. சிரிக்க வேண்டாம். பத்தாவது படிக்கிற பிள்ளை கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தலை வாருவதைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வராது.

என் மகளுக்குத் தோல் டாக்டர் எழுதியது, அடாபலீன் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் சேர்ந்த ஜெல். கடையில் இருப்பு இல்லை. “இந்தாங்க, இதுவும் காம்பினேஷன்தான்” என்று வேறொரு டியூப் கைக்கு வந்தது: கிளிண்டமைசினும் நிகோடினமைடும். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஆறு வாரம் கழித்து டியூபைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அவர் விளக்கியது இது: தோலில் இருக்கும் துவாரம் அடைபடுகிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, கிருமி பெருகுகிறது, வீங்கிச் சிவக்கிறது. இத்தனையும் சேர்ந்ததுதான் பரு. அடாபலீன் அடைப்பை எடுக்கும், பெராக்சைடு கிருமியைக் கொல்லும், ஆளுக்கொரு வேலை. கிளிண்டமைசின் ஆன்டிபயாடிக். அதை மட்டும் வாரக்கணக்கில் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும். கூட இருக்கும் நிகோடினமைடு சிவப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், கிருமி பழகுவதைத் தடுக்காது. டியூபில் இரண்டு பெயர் இருந்தும் ஆன்டிபயாடிக் தனியாள்தான். பெராக்சைடுக்குக் கிருமி பழகுவதில்லை. அதனால்தான் அதைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் பூசும் ஆன்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இல் லேசான, நடுத்தரப் பருவுக்கு முதலில் சொன்னதும் அடாபலீன்–பெராக்சைடு மாதிரியான ஜோடிகளைத்தான், 12 வாரத்துக்கு.

அதற்காக ஒற்றை மருந்து மட்டம் என்று சொல்லவில்லை. வெறும் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் என்றால் பலருக்கு அடாபலீன் மட்டுமே போதும். ஜோடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெராக்சைடு மட்டும் கொடுப்பதும் உண்டு. அதில் 10 சதவீதம் வாங்கினால் நாலு மடங்கு குணம் என்பதெல்லாம் இல்லை. 2.5-உம் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு. “ஸ்ட்ராங்கா குடுங்க” என்று கேட்கிற எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, சரி.

ஒருவழியாகச் சரியான ஜெல் கிடைத்தது. நாலே நாளில் வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து. புது நீலத் துண்டில் ஆரஞ்சு ஆரஞ்சாகத் திட்டு, தலையணை உறையிலும் கன்னம் படுகிற இடத்தில் அதே திட்டு. துவைக்கிற சோப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள் மனைவி. பெராக்சைடு துணிச் சாயத்தை வெளுக்கும் என்று கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துண்டு பிழைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் பருவுக்கென்று கேட்டு வாங்கியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அதுவும் ‘காம்பினேஷன்’தான்! முதல் வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகக் கிளம்பிவிட்டது. பூசுகிற ஸ்டீராய்டு பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு சொல்லியாயிற்று. உங்களுக்குத் தெரியாததா?

இருப்பு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். மாற்றித்தான் தர வேண்டுமென்றால் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். அடாபலீன் கேட்பவர் பெண் என்றால், கர்ப்பமா என்று தயங்காமல் கேளுங்கள். அந்த நேரத்தில் அது வேண்டாம். முகம் முழுக்கப் பட்டாணி அளவு போதும், இரவில். முதல் இரண்டு மூன்று வாரம் காந்தும், உரியும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? சொல்லாததால்தான் பாதிப் பேர் பத்தாம் நாள் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு வந்து நிற்கிறார்கள்.

சனிக்கிழமை அதே சீட்டோடு வருவேன். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சயான் வரை நடந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
நீலத் துண்டுக்காரன்