ஹோமியோ மருந்துத் தரம்: சோதனை எட்டிக்கொட்டையிலிருந்தே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோமியோபதி மருந்துகளின் தரத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது 'இந்த வைத்தியம் பலிக்குமா, பலிக்காதா' என்ற வழக்கில்தான் போய் முடிகிறது. அந்த வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். நோயாளி காசு கொடுத்து வாங்கும் சீசாவில் லேபிளில் எழுதியிருக்கும் பொருள்தான் இருக்கிறதா, உடம்புக்கு ஆகாத வேறேதும் கலந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. வைத்தியத்தை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இந்தக் கேள்வி பொது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் ஹோமியோ மருந்தும் வருகிறது. மருந்துகளின் தர அளவுகளைச் சொல்லும் நூலான இந்திய ஹோமியோபதி பார்மகோபியாவின் முதல் தொகுதி 1971-இல் வெளிவந்தது. 1975-இல் காஸியாபாத்தில் அதற்கென்றே ஆய்வகம் அமைந்தது. 2020-இல் அதை இந்திய மருத்துவ, ஹோமியோபதி பார்மகோபியா ஆணையத்தோடு இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தயாரிப்புக் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் அட்டவணை எம்-1 சொல்கிறது. லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று விதி 106-ஏ சொல்கிறது. விதி இருந்தும் குறை எங்கே என்றால், எந்தக் கட்டத்தில் எதைச் சோதிப்பது என்பதில்தான்.

கடையில் அதிகம் விற்பவை 30, 200 வீரிய மருந்துகள், அதாவது நூற்றுக்கு ஒன்றாக அத்தனை முறை நீர்த்தவை. நூற்றுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை நீர்த்தாலே 1-க்குப் பின்னால் 24 சுழி போட்ட அளவுக்கு மூலப்பொருள் கரைந்துவிடும். இந்தப் பன்னிரண்டாம் நீர்ப்புக்கு, அதாவது 12C-க்கு, மேல் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியிருக்க, நக்ஸ் வாமிகா 200 சீசாவையும் பெல்லடோனா 200 சீசாவையும் ஆய்வகத்தில் கொடுத்து எது எதுவென்று கேட்டால், எந்தக் கருவியாலும் மூலப்பொருளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே உயர் வீரியங்களில் கடைச் சீசாவை மட்டும் எடுத்துச் சோதித்து 'தரமானது' என்று சான்று கொடுத்தால், அது ஆல்கஹாலுக்குக் கொடுத்த சான்றுதான். மருந்தின் பெயருக்கான சான்று அதற்கு முந்தைய படிகளில், அதாவது மூலிகையிலும், அதை ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கும் முதல் சாறான மதர் டிங்சரிலும் கிடைக்க வேண்டும்.

நம் ஊர் எட்டிக்கொட்டையையே எடுத்துக்கொள்வோம். நக்ஸ் வாமிகாவுக்கு மூலப்பொருள் அதுதான். நல்ல எட்டிக்கொட்டை பெரிய பொத்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிந்த பட்டு போன்ற மயிரோடு இருக்கும். அதன் குடும்பத்தைச் சேர்ந்த தேற்றான்கொட்டை, கலங்கல் நீரைத் தெளிய வைக்க நம் வீடுகளில் பானையில் இழைத்தது, சிறியது, உருண்டையானது. எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நச்சு அதில் கிடையாது. முழுக் கொட்டையாக வந்தால் இரண்டையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். பொடியாக வந்தால் முடியாது. அதனால் மூலிகையைப் பொடியாக வாங்கவே கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். கொட்டையை மெல்லிய சீவலாகச் சீவி ஒரு துளி நைட்ரிக் அமிலம் விட்டால், அதிலுள்ள இன்னொரு நச்சான புரூசின் இருப்பதால் ஆரஞ்சு நிறம் தெரியும். இன்னொரு சீவலில் கந்தக அமிலத்தில் கரைத்த அம்மோனியம் வனடேட் விட்டால் ஸ்ட்ரிக்னினுக்கு ஊதா தெரியும். ஐந்து நிமிட வேலை, செலவும் சொற்பம். அதற்குப் பிறகுதான் ஈரப்பதம், மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாச் சாம்பல் எல்லாம். கடைசியாகச் சொன்னது உயர்ந்தால் மூலிகையோடு மண்ணும் மணலும் வந்திருக்கிறது என்று பொருள்.

உலர்ந்த மூலிகையில் பொதுவாக 100 கிராமிலிருந்து 1,000 மில்லி மதர் டிங்சர் இறக்க வேண்டும், அதாவது பத்துக்கு ஒன்று. இங்கே நடக்கும் தவறுகள் சில. மூலிகையைக் குறைத்துப் போடுவது ஒன்று. ஊற வேண்டிய நேரம் ஊறவிடாமல் வடிப்பது இன்னொன்று. பச்சை மூலிகையென்றால் அதிலுள்ள நீரை அளந்து கழிக்காமல் ஆல்கஹால் சேர்ப்பதும் உண்டு. அப்போது ஆல்கஹால் வீதம் இறங்கி டிங்சர் கலங்கும், நாளடைவில் பூஞ்சையும் பிடிக்கும். கலங்கியதை மறுபடி வடிகட்டிப் பளிச்சென்று ஆக்கி சீசாவில் அடைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். சாரம் வடிதாளில் தங்கிவிடும்.

இவற்றைப் பிடிக்க மொத்தத் திடப்பொருள் சோதனை இருக்கிறது. டிங்சரை அளந்து எடுத்து நீராவிக் குளியலில் வற்றவைத்து, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். கருக்கிய சர்க்கரையைச் சிறிது கலந்தால் நிறமும் ஏறும், எடையும் ஏறும். எனவே கூடவே, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டு ஓட்டியாக வேண்டும். சிலிக்கா பூசிய தட்டில், அடையாளம் உறுதி செய்யப்பட்ட மூலிகையிலிருந்து இறக்கிய டிங்சரை ஒரு புள்ளியாகவும், சோதிக்க வேண்டியதை அதன் பக்கத்திலும் வைத்து ஓட்டி, ஸ்ட்ரிக்னின் போன்ற சத்துகளை நிறமாகக் காட்டும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்து ஒப்பிட வேண்டும்.

'அடையாளம் உறுதி செய்யப்பட்ட' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஹைட்ராஸ்டிஸ் மருந்தின் மூலிகை வட அமெரிக்கச் செடி, விலை அதிகம், 1997 முதல் அதன் பன்னாட்டு வணிகம் அரிய உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின். அதே பெர்பெரின் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரமஞ்சளிலும் உண்டு, பெர்பெரிஸ் இனங்களிலும் உண்டு. பெர்பெரினை மட்டும் தேடும் சோதனையில் மரமஞ்சள் டிங்சர் ஹைட்ராஸ்டிஸாகத் தேறிவிடும். ஹைட்ராஸ்டின் என்ற சத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பால்மட்டின் என்ற சத்து இருக்கக் கூடாது. மரமஞ்சளில் முன்னது இல்லை, பின்னது இருக்கிறது. இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் இருக்க வேண்டியது ஒன்றும் இருக்கக் கூடாதது ஒன்றுமாகக் குறித்த சோதனை தேவை. ஒப்பீட்டு மாதிரிக்குத் தமிழ்நாடு வெகுதூரம் போக வேண்டாம். நீலகிரி மாவட்டம் எமரால்டில் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கவுன்சிலின் மருத்துவத் தாவர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அடையாளம் காணப்பட்ட தாவரங்களின் மாதிரிகள் மாநில ஆய்வகங்களுக்கும் சிறிய தயாரிப்பாளர்களுக்கும் கட்டணத்துக்குக் கிடைக்க அரசு வழிசெய்யலாம்.

அடுத்தது ஆல்கஹால். இதில் கவனக்குறைவு உயிருக்கே ஆபத்து. மருந்தில் ஆல்கஹால் வீதத்தை அளக்கும் வழக்கமான முறை: 25 மில்லியை நீரோடு கலந்து காய்ச்சி வடித்து, வடிந்ததை 100 மில்லியாக்கி, அடர்த்தி பார்த்து, அட்டவணையில் கிடைக்கும் வீதத்தை நான்கால் பெருக்குவது. முறை சரி. ஆனால் எத்தனாலின் அடர்த்தி 20 டிகிரியில் 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.79-ஐ ஒட்டியே இருக்கிறது. மெத்தனால் கலந்திருந்தால் இந்தச் சோதனை அதையும் நல்ல ஆல்கஹாலாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நிறமும் காட்டிக்கொடுக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்ததை இந்த மாநிலம் பார்த்தது. தொழிற்கூடத்துக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாய் ஆல்கஹாலுக்கும் கலவையை ஆவியாக்கிப் பிரித்தறியும் காஸ் குரோமட்டோகிராபி சோதனை கட்டாயமாக வேண்டும். அந்தக் கருவி இல்லாத சிறு கூடங்களில் குரோமோட்ரோபிக் அமிலச் சோதனையாவது வேண்டும்: பெர்மாங்கனேட்டால் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி அமிலம் சேர்த்தால் ஊதா தோன்றும். சப்ளையர் கொடுத்த சான்றிதழைக் கோப்பில் வைப்பது சோதனை ஆகாது.

அரைத்துச் செய்யும் மருந்துகளில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே X என்பது பத்துக்கு ஒன்று என்ற நீர்ப்பு: 1X-க்கு ஒரு பங்கு மருந்து, ஒன்பது பங்கு பால் சர்க்கரை. ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் வகுத்த முறையில் சர்க்கரையை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கோடு மருந்து முழுவதையும் சேர்த்து ஆறு நிமிடம் அரைத்து நான்கு நிமிடம் சுரண்ட வேண்டும். மீண்டும் ஆறு, நான்கு. மற்ற இரண்டு பங்குகளுக்கும் அப்படியே. மொத்தம் ஒரு மணி நேரம். சர்க்கரை முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினாலும், சுரண்டாமல் விட்டாலும், ஈரக்காற்றில் சர்க்கரை கட்டிபட்டாலும் மருந்து சீராகப் பரவாது. ஆர்சனிகம் ஆல்பம் 3X (ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் 250 மில்லிகிராம் மாத்திரையில் 0.25 மில்லிகிராம் ஆர்சனிக் டிரையாக்சைடு இருக்கும். சீரில்லாத கலவையில் ஒரு மாத்திரையில் அது ஒன்றுமே இல்லாமல் போகலாம், அடுத்ததில் பல மடங்காகவும் ஏறலாம். இது கற்பனை அச்சம் இல்லை. குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஹோமியோ மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சாரம் சீரற்றும், சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகமாகவும் இருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 ஜனவரியில் அறிவித்தது. எனவே நச்சுப் பொருள்களின் 6X-க்குக் கீழான மாத்திரைகளில் பத்து மாத்திரைகளையாவது ஒவ்வொன்றாகத் தனியே அளக்க வேண்டும். எல்லாவற்றையும் பொடித்துக் கலந்து ஒரே அளவாக எடுத்தால் சராசரி சரியாக வரும். குழந்தை விழுங்குவது சராசரியை அல்ல.

உருண்டைகளுக்கும் பயோகெமிக் (தாது உப்பு) மாத்திரைகளுக்கும் சோதனை எளிது. உருண்டையை நீரில் கரைத்து ஒரு துளி அயோடின் விட்டால், மாவு கலந்திருந்தால் நீலம் தெரியும். பால் சர்க்கரை ஃபெலிங் கரைசலைச் செங்கல் சிவப்பாக்கும். சாதாரணச் சர்க்கரை ஆக்காது. வலிநிவாரணிகளும் ஸ்டீராய்டுகளும் கலக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுவது மட்டும் பெரிய ஆய்வகத்தின் வேலை. 'உடனடி நிவாரணம்' என்று விளம்பரமாகும் கலவை மருந்துகளில் அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

உயர் வீரியங்களுக்கு வருவோம். சீசாவால் சொல்ல முடியாததைக் கணக்கேடு சொல்லும். 300 லிட்டர் மதர் டிங்சர் இறக்கியதாக ஒரு நிறுவனம் எழுதியிருந்தால் 30 கிலோ மூலிகை வாங்கிய ரசீது இருக்க வேண்டும். நீர்ப்பு மருந்துக்கு எவ்வளவு ஆல்கஹால் செலவானது என்பது கலால் பதிவேட்டில் தெரியும். 200-க்கு முந்தைய வீரியங்கள் எந்த பேட்ச் டிங்சரிலிருந்து, எந்தத் தேதிகளில் ஏற்றப்பட்டன என்ற பதிவு படிப்படியாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒப்பிட ஓர் ஆய்வாளருக்கு ஒருநாள் போதும். மருந்து ஆய்வாளர்களின் வருடாந்திர ஆய்வுப் படிவத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. விதி 106-பி-யின்படி 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மருந்தைச் சில்லறையில் 30 மில்லிக்கு மேற்பட்ட சீசாவில் விற்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் கடையில் எடுக்கும் மாதிரியைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நான்கு பங்காகக் கேட்கிறது. ஆல்கஹால் சோதனைக்கு மட்டுமே 25 மில்லி தீர்ந்துவிடும். பங்குக்கு ஒரு சீசா எடுத்தால் அந்த ஒரு சோதனையோடு ஆய்வாளர் கை கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மதர் டிங்சரானால் பங்குக்கு மூன்று, ஆக ஒரே பேட்சில் பன்னிரண்டு சீசாக்கள் எடுக்க வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். தரமற்றவை என்று தெரிந்த அலோபதி மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. ஹோமியோ மருந்துகளின் சோதனை முடிவுகளும் அதே ஒழுங்கில், பேட்ச் எண்ணோடு வெளிவர வேண்டும்.

பொதுமக்களும் மருந்தைச் சோதிக்கக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மருந்து வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை கேட்க உரிமை தருகிறது; விண்ணப்பம் 14-ஏ படிவத்தில். அதற்கு ரசீது வேண்டும். ஒரே பேட்சில் திறக்காத சீசாக்கள் மூன்றாவது வேண்டும். மூடியின் முத்திரை உடையாமல், வேறு சீசாவுக்கு மாற்றாமல், வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனைகளில் பெயரில்லாத குப்பியில் உருண்டை போட்டுக் கொடுக்கும்போது, எந்த பேட்ச் மருந்து என்பதை மருந்துச் சீட்டிலாவது எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருந்துப் பகுப்பாய்வுத் துறையைச் சேர்ந்த வாசகர்கள் சிலர்,
மதுரை.