பாய்ப்படகுகள் இரவில் எங்கே நிற்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குப் பாய்ப்படகில் உல்லாசப் பயணிகள் வரவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் படகு பொழுதுபட்டால் எங்கே நங்கூரம் போடும் என்று ஒருவரும் பேசக் காணோம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் ஊருக்கு வருவது யூலை, ஓகஸ்டில். நயினாதீவுத் திருவிழா முடிய நல்லூர் தொடங்கிவிடும், நயினாதீவுக்கு வள்ளம் ஏறுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடமிராது, அதே மாதங்களில்தான் சோழகம் என்கிற தென்மேல்காற்றும் அடித்து வீசும். கிரேக்கத்து ஏஜியன் கடலிலும் இதே கதைதான். அங்கே வாடகைப் படகுகளில் வேலை செய்த காலத்தில் பார்த்திருக்கிறேன், கூட்டம் கூடுகிற அதே கோடையில் மெல்தெமி என்கிற வடகாற்று நாட்கணக்கில் விடாது. அனுபவப்பட்ட ஓட்டிகள் பெயர்போன துறைமுகத்துக்குக் கிட்டவும் போகமாட்டார்கள். மத்தியானம் திரும்பியதும் கடையோ கண்ணியோ இல்லாத ஒரு குடாவுக்குள், காற்றுக்கு மறைவாக, அடியில் மணல் இருக்கிற இடம் பார்த்து நின்றுவிடுவார்கள். பிந்தி வந்தால் அதுவும் கிடையாது. ஏனென்றால் 5 மீற்றர் ஆழத்துக்கு 25 மீற்றர் சங்கிலியாவது விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும், நடுச்சாமத்தில் காற்று மாறினால் படகு அவ்வளவு தூரத்துக்கும் வட்டமடிக்கும், பக்கத்தில் இன்னொன்று நின்றால் இரண்டும் முட்டும்.

எங்கள் கடலில் இதைவிடச் சிக்கல் இருக்கிறது. ஆழம் குறைவு, கரையோரமெல்லாம் வலைத்தடிகள், இரவில் வெற்றுப் போத்தலைக் கட்டி மிதக்கவிட்ட வலைகள். நைலோன் கயிறு ஒருமுறை படகு இயந்திரத்தின் விசிறியில் சுற்றினால் படகும் போச்சு, ஒரு குடும்பத்தின் வலையும் போச்சு. நங்கூரத்தை இழுக்கிறபோது கடற்புல்லும் வேரோடு கிளம்பும், அதுதான் இறாலுக்கும் நண்டுக்கும் குஞ்சு வளர்கிற இடம். ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளில் பொசிடோனியா என்கிற கடற்புல்லின் மேல் நங்கூரம் போடுவதை 2018இல் தடைசெய்தார்கள். சில குடாக்களில் படகைக் கட்ட மிதவைகளும் போட்டிருக்கிறார்கள்.

அப்படி நாலைந்து மிதவைகளை இங்கேயும் போடலாம். இறங்குதுறைக்கும் வள்ளப் பாதைக்கும் விலத்தி, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட பக்கத்தில் முதலில் பார்க்கலாம். எந்த மூலை சோழகத்துக்கு மறைவு, எது வாடைக்காற்றுக்கு மறைவு என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டால் போதும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை கொண்டுபோய்ச் சேர்த்த பரம்பரை இது, கடல் தெரிந்த ஆளுக்கு நாங்கள் வேறெங்கே போவது? மிதவைக்கு வாங்குகிற கட்டணமும் அந்தச் சங்கங்களுக்கே போகவேண்டும்.

இன்னொன்று. நங்கூரத்தில் நிற்கிற படகு இரவில் சுற்றிலும் தெரிகிற வெள்ளை விளக்குப் போடவேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. விடியப்புறம் தொழிலுக்குப் போகிற வள்ளத்துக்கு அந்த வெளிச்சம் தெரியவேண்டும், விளக்குப் போடாத படகை மிதவையில் கட்டவே விடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஊர்காவற்றுறை