டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு வேன் கேட்டு மாவட்ட அதிகாரிக்கு மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

அனுப்புநர்:
மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழு,
பழைய தோட்டத்துக் குடும்பங்கள் சார்பாக.

பொருள்: டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்ப வீட்டில் விட ஒரு வேன்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. சுகாதார அலுவலகத்தில் கேட்டால் வண்டி மாவட்ட அலுவலகத்தின் பொறுப்பு என்கிறார்கள். மாவட்ட அலுவலக முகப்பில் கேட்டால் நோயாளி சுகாதார அலுவலகத்தின் பொறுப்பு என்கிறார்கள். ஆகவே தங்கள் பார்வைக்கே நேராக வரட்டும் என்று மறுபடியும் எழுதுகிறோம். மலாய் நகலும் இணைத்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தலைமை தாங்க வந்தபோது தாங்கள் எங்களோடு தமிழில் பேசினீர்கள். அந்த உரிமையில் மனத்தில் உள்ளதைத் தமிழிலேயே எழுதுகிறோம்.

ஊரைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்பனை எண்ணெய் ஆலையைத் தாண்டி, பழைய லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) இருக்கும் மேட்டுக்குக் கீழே இருப்பதுதான் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு. கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்கள்தான் இங்கே அதிகம். பிள்ளைகள் வேலைக்காகக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். வயசானவர்கள் இருக்கிறோம்.

1. போன மழைக்காலத்தில் காலமான எங்கள் பெரியம்மாவை முன்னிட்டே இந்த மனுவை எழுதுகிறோம். முறைக்கு அவர் யாருக்கு என்ன உறவோ, தாமானில் எல்லாருக்கும் பெரியம்மாதான். சின்ன வயதில் பால்மரம் வெட்டினார். பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார். விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் தூங்கும் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் பலர் அந்தக் கொட்டகைத் தூளியில் தூங்கியவர்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு கோயிலே கதி என்று இருந்தார். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பூத்தொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு, யார் வீட்டிலாவது பெண் இறந்துபோனால் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிடுவது, எல்லாம் அவர்தான். இதற்கெல்லாம் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை.

2. அவருக்கு இருந்தது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய். அது நம்மவர்களிடம் எவ்வளவு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. முதலில் கால் மரத்துப்போனது, பிறகு கண் மங்கியது, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வேலையில் இருந்த காலத்திலேயே சிறுநீரகம் போயிருந்தால் தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோ பார்த்திருக்கும். ஓய்வுபெற்ற பிறகு போனதால் அந்தக் கதவு திறக்கவில்லை. வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்று உண்டு. அதற்குத் தூசியில்லாத அறையும், ஒரு நாளைக்கு நாலு தடவை சுத்தமாக நீர் மாற்றிவிடக் கண் தெரிந்த ஆளும் வேண்டும். பெரியம்மாவிடம் இரண்டும் இல்லை. அதனால் மருத்துவமனை இயந்திரம்தான்: வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம்.

3. அரசாங்கம் சிகிச்சைக்குக் கணக்குப் பார்க்கவில்லை, அதற்கு நன்றி சொல்கிறோம். போகிற வழிக்குத்தான் வழியில்லை. இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

பெரியம்மாவுக்குக் கிடைத்தது காலை 6.30 மணி முறை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. தனியார் காருக்குப் போய்வர 80 வெள்ளி. மாதத்துக்கு 13 தடவை என்றால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. சமூக நல இலாகா கொடுக்கும் மாத உதவி அதற்குப் பக்கத்தில்கூட வராது. கிராப் வாடகைக் கார் செயலியில் போட்டால் எங்கள் பக்கத்துக்கு வண்டியே காட்டாது. ஆகவே போகும்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரத் தம்பி ஒருவர் புண்ணியத்துக்கு முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார். ஏணி மாதிரி உயரமான அந்தப் படியில் கண் தெரியாத அம்மாவை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.

திரும்பி வருவதுதான் கொடுமை. டயாலிசிஸ் முடிந்த உடம்பைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? இரண்டு மூன்று லிட்டர் நீரை உடம்பிலிருந்து எடுத்திருப்பார்கள். ரத்த அழுத்தம் இறங்கிவிடும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அந்த உடம்போடு பஸ் நிலையத்தில் காத்திருந்து, பஸ் ஏறி, சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) இறங்கி, அங்கிருந்து இரண்டு கட்டை (மைல்) நடக்க வேண்டும். நிழல் கிடையாது, நடைபாதை கிடையாது, லோரி போகும்போது தூசியில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு தடவை பஸ்ஸில் கைக்கட்டு நனைந்துவிட்டது. ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் கசிந்து சேலை மடியெல்லாம் சிவப்பு. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி வலது கைக் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிம்பாங் வரைக்கும் விரலை எடுக்காமல் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பயந்து எழுந்து போய்விட்டாராம். அதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை. "பாவம், சின்னப் பையன், ரத்தம் பார்த்திருக்க மாட்டான்" என்றார்.

4. இவ்வளவுக்கும் நடுவில் அவர் கோயிலை விடவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று கட்டளை. காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வைத்துக்கொண்டு அதைத்தான் மிடறு மிடறாகக் குடிப்பார். தைப்பூசத்தன்று எங்கள் தண்ணீர்ப் பந்தலில் காலையிலிருந்து மற்றவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார், தனக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டார். பூசை இளநீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது நெஞ்சையே நிறுத்திவிடும். ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த அந்த இடது கையில் விர்ரென்று ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். சமய வகுப்புப் பிள்ளைகள் அதில் காது வைத்துக் கேட்பார்கள். "ஆத்தா உள்ளே உடுக்கை அடிக்கிறாள்" என்பார். பிள்ளைகள் நம்பினார்கள். அவரும் நம்பினார் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

5. மழைக்காலத்தில் ஆலைக்குப் பக்கத்துச் சாலையில் தண்ணீர் ஏறிவிடும் என்பது தங்களுக்கே தெரியும். லோரி ஓடவில்லை. தம்பியும் என்ன செய்வார்? காருக்குப் பணம் திரட்டுவதற்குள் தொடர்ந்து இரண்டு முறை தப்பிவிட்டன. வெளியேறாத நீர் நுரையீரலில் ஏறியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. திரும்பி வரவில்லை.

வேன் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நாங்கள் டாக்டர் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் உயரமான வண்டி ஒன்று ஆலைப் பக்கம் போகாமல் பின்பக்கத் தோட்டச் சாலை வழியாக வந்திருக்க முடியும். தோட்ட நிர்வாகம் கேட்டைத் திறந்துவிட ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தைத்தான் போன மனுவில் கேட்டோம்! ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவர் காரியத்துக்கு வந்த கூட்டத்தைத் தங்கள் அலுவலகத்துக்காரர்கள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இது ஏதோ ஒரு கிழவியின் கதை இல்லை என்று. காரியத்துக்கு அத்தனை கார் வந்தது. உயிரோடு இருந்தபோது ஏன் ஒரு கார் வரவில்லை என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டுவிட்டோம். அதற்குத்தான் இப்போது கோயில் உண்டியலிலிருந்து பெட்ரோலுக்கு ஒதுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஓட்டுவதற்கு லைசென்ஸ் உள்ள இளைஞர்கள் தயார். வண்டி மட்டும் எங்களால் முடியாது.

6. தாமானிலும் மேட்டு லயத்திலும் இப்போது 6 பேர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். இரண்டு பேர் பெரியம்மா மாதிரியே விடியற்காலை முறை. அதில் ஒருவருக்கு ஒரு கால் இல்லை. அவரை லோரியில் ஏற்ற முடியாது.

ஆகவே தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது:

அ. இந்த 6 பேருக்காக, அவரவர் டயாலிசிஸ் நாள்களில் போகவும் வரவும் ஒரு வேன்.

ஆ. அது வரும்வரை, மாவட்டத்தில் சும்மா நிற்கும் அரசாங்க வண்டி ஏதாவது ஒன்று. பழையதானாலும் சரி.

இ. வெள்ளம் வரும் நாள்களில் பின்பக்கத் தோட்டக் கேட்டைத் திறந்துவிடச் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். அடுத்த மழைக்கு முன்னால், ஐயா. தயவுசெய்து அடுத்த மழைக்கு முன்னால்.

ஈ. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் ஒரு பதில். நாங்கள் வேறு கதவைத் தட்டிக்கொள்கிறோம்.

நோயாளிகளின் முறை நேரப் பட்டியலும், மருத்துவமனைக் கார்டு நகல்களும், கோயில் குழுத் தீர்மானமும் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் ஒரு நாள் விடியற்காலை 4.30 மணிக்குச் சிம்பாங் பக்கம் வந்தால் நாங்களே அழைத்துப்போய்க் காட்டுகிறோம். வேன் கொடுங்கள், ஐயா. வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கோயில் நிர்வாகக் குழுவினர், தாமான் குடியிருப்பாளர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)